டவுன் சிண்ட்ரோம் ஆராய்ச்சி: நிதி கேட்கும் முன் – வாசகர் கேள்வி-பதில்

டவுன் சிண்ட்ரோம் (21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் பிறவி நிலை) ஆராய்ச்சிக்கான நிதி நல்கைகள் பற்றி ஆய்வு மாணவர்கள், மருத்துவர்கள், சிறப்பாசிரியர்கள், பெற்றோர் எனப் பல தரப்பிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ‘புதுமையான டவுன் சிண்ட்ரோம் ஆராய்ச்சிக்கு நல்கை’ என்று அறிவிப்புகள் வருகின்றன. எங்கள் துறையில் புதுக் கருவி ஒன்றுமே கிடையாது. புதுமை என்று எதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்?
– முனைவர் பட்ட மாணவி, திருச்சி

கருவி பழசு என்று திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள் குறைவு. கேள்வி பழசு என்று திரும்பி வருபவைதான் அதிகம்.

ஓர் உதாரணம் பாருங்கள். பெண்களின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. அதில் ஒன்றை ‘எக்ஸிஸ்ட்’ என்ற மரபணு வாயடைத்து வைத்துவிடும். இது 1991-லிருந்தே தெரிந்த சங்கதி. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜீன் லாரன்ஸின் குழு இதை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டது: டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவரின் செல்லில் இருக்கும் மூன்று 21-ஆம் குரோமோசோம்களில் ஒன்றுக்குள் எக்ஸிஸ்டைச் செருகினால், அதுவும் அடங்குமா? அடங்கியது. 2013-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. அடங்காமல் போயிருந்தாலும் நஷ்டமில்லை. ‘எக்ஸிஸ்ட் எக்ஸ் குரோமோசோமில் மட்டும்தான் வேலை செய்யும்’ என்ற விடையாவது கையில் இருந்திருக்கும். இரண்டு பக்கமும் பயன் தரும் இப்படிப்பட்ட கேள்வியைத்தான் நல்கைக் குழுக்கள் தேடுகின்றன.

இன்னொன்று. நம் உடலில் இன்டர்ஃபெரான் (கிருமி வந்தால் செல்கள் விடும் எச்சரிக்கைப் புரதம்) ஏற்பிகளுக்கான மரபணுக்கள் ஆறு. அதில் நான்கு 21-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. வரைபடத்தில் பல காலமாகக் கிடந்த தகவல் இது. கொலராடோவில் உள்ள லிண்டா க்ர்னிக் ஆய்வகத்தில் வாகீன் எஸ்பினோசாவின் குழு, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் செல்களில் இன்டர்ஃபெரான் பாதை ஓயாமல் முடுக்கப்பட்டிருக்கிறது என்று 2016-இல் காட்டியது. அடுத்த கேள்வி தானாகவே வந்தது: முடக்குவாதத்துக்கு ஏற்கெனவே கொடுக்கப்படும் டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரை, டவுன் சிண்ட்ரோமோடு சேர்ந்து வரும் தன்னெதிர்ப்புத் தோல் நோய்களுக்கு உதவுமா? அந்த மருந்துச் சோதனைக்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். நிதி தந்தது. புது மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை.

உங்கள் முன்மொழிவின் முதல் பக்கத்தில் இரண்டு வாக்கியங்களை எழுதிப் பாருங்கள். ‘விடை ஆம் என்றால் அடுத்து இதைச் செய்வோம். இல்லை என்றால் அதைச் செய்வோம்.’ இரண்டாவது வாக்கியம் எழுத வரவில்லை என்றால் கேள்வியை மாற்றுங்கள். ‘மூளை வளர்ச்சியில் டிர்க்-1ஏ மரபணுவின் பங்கை ஆராய்தல்’ (21-ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு அது) என்ற தலைப்பு எந்தக் குழுவிலும் தேறாது. ‘பிறந்த பிறகு டிர்க்-1ஏ அளவைக் குறைத்தாலும் பலன் உண்டா, கருவிலேயே குறைத்தால்தான் உண்டா’ என்று கேட்டால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

என்.ஐ.எச். 2025 ஜனவரி முதல் மதிப்பீட்டு முறையை மூன்று தலைப்புகளாகச் சுருக்கியிருக்கிறது. ஆய்வின் முக்கியத்துவம், முறையின் கண்டிப்பும் சாத்தியமும் ஆகிய இரண்டுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் (1 சிறப்பு, 9 மோசம்). ஆட்களும் வசதிகளும் போதுமா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. போதும், போதாது என்ற தீர்ப்பு மட்டுமே. முன்பு பெரிய ஆய்வகத்தின் பெயரே விண்ணப்பத்தைப் பாதி தூரம் இழுத்துக்கொண்டு போனது. இப்போது அந்தச் சலுகை குறைந்திருக்கிறது, நல்ல மாற்றம்தான்.

ஆரம்பகட்ட யோசனைகளுக்கு அங்கே ஆர்-21 என்ற வகை உண்டு. இரண்டு ஆண்டு, மொத்த நேரடிச் செலவு 2,75,000 டாலர் வரை, ஆய்வுத் திட்டம் 6 பக்கம். முன்தரவு கட்டாயமில்லை. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் ஊகம் சரி என்பதற்குத்தான் தரவு வேண்டாம். அந்தச் செல்லை வளர்க்கவும் அந்தச் சோதனையைச் செய்யவும் உங்களுக்குக் கைவரும் என்பதற்குச் சான்று வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. இத்தனை பேருக்கு இருக்கும் ஒரு நிலைக்கு ஏன் இவ்வளவு காலம் ஆராய்ச்சிப் பணம் வரவில்லை?
– ஒரு தாய், ஈரோடு

‘குரோமோசோம் கோளாறு, மாற்ற முடியாது’ என்ற எண்ணம்தான் முதல் காரணம். ஒரு மரபணு பழுதான நோயில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெரியும். இங்கே கூடுதலாக வருவது ஒரு முழுக் குரோமோசோம். அதில் இருநூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள். எங்கே கை வைப்பது என்றே தெரியாமல் பலர் ஒதுங்கினார்கள். 1959-இல் பாரிஸில் லெஜூன், மார்த் கோத்தியே, துர்ப்பான் ஆகியோர் கூடுதல் குரோமோசோமைக் கண்டறிந்தார்கள். அதன் முழு மரபணு வரிசை வாசிக்கப்பட்டது 2000-இல்.

இரண்டாவது காரணம் ஆயுள். அமெரிக்காவில் 1983-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்று சுமார் 60. இதய அறுவை சிகிச்சைகள் பரவியதுதான் பெரிய காரணம். இவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். ஆயுள் கூடிய பிறகுதான் நடுவயதில் வரும் அல்சைமர் முதலான பிரச்சினைகள் ஆராய்ச்சியாளர்களின் கண்ணில் பட்டன. அல்சைமரோடு தொடர்புடைய ஏ.பி.பி. மரபணு 21-ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் லெக்கனெமாப் போன்ற புதிய அல்சைமர் மருந்துகளின் பெரிய சோதனைகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. மூளை ரத்தக் குழாய்ச் சுவர்களில் அமிலாய்டு என்ற புரதம் படிவது இவர்களுக்கு அதிகம், அதனால் ரத்தக்கசிவு அபாயம் என்று மருத்துவக் காரணமும் சொல்வார்கள். அது நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு வழி, இவர்களுக்கென்றே தனியாகப் பாதுகாப்புச் சோதனை நடத்துவது.

2017 அக்டோபரில் டவுன் சிண்ட்ரோம் உள்ள நடிகர் ஃபிராங்க் ஸ்டீஃபன்ஸ் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நேரில் சாட்சியம் அளித்தார். மறு ஆண்டே நாடாளுமன்ற வழிகாட்டுதலின்படி என்.ஐ.எச். ‘இன்க்ளூட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 21-ஆம் குரோமோசோம் பற்றிய துணிச்சலான அடிப்படை ஆய்வு, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் பெரிய ஆய்வுக் குழுவைத் திரட்டுவது, மருந்துச் சோதனைகளில் இவர்களைச் சேர்ப்பது என அதற்கு மூன்று கிளைகள். முதல் ஆண்டில் சுமார் 2.2 கோடி டாலர். 2023-இல் சுமார் 9 கோடி. பணம் தானாக வரவில்லை. பெற்றோர் அமைப்புகள் பல ஆண்டு கதவைத் தட்டியதால் வந்தது.

கேள்வி: இந்தியக் கல்லூரி ஒன்றிலிருந்து விண்ணப்பிக்க எங்கெங்கே வழி இருக்கிறது? வெளிநாட்டுப் பணம் வாங்கினால் சிக்கல் என்கிறார்களே?
– உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்

உள்நாட்டில் மூன்று வாசல்கள். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான தேசிய ஆராய்ச்சி நிதியமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். (பழைய எஸ்.இ.ஆர்.பி. இதற்குள் இணைந்துவிட்டது), இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., உயிரித் தொழில்நுட்பத் துறையான டி.பி.டி. வேலைக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு ஏ.என்.ஆர்.எஃப்.பின் பிரதமர் இளம் ஆய்வாளர் நல்கை பொருந்தும்: மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை, மேற்செலவு (நிறுவனத்தின் பொது நிர்வாகச் செலவு) தனி. நோயாளிகளோடு தொடர்புள்ள ஆய்வென்றால் ஐ.சி.எம்.ஆர். பொருந்தும். டி.பி.டி. 2019-இல் தொடங்கிய ‘உம்மீத்’ திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் மரபணுக் கண்டறிதல் மையங்கள் இயங்குகின்றன. குரோமோசோம் அறிக்கையோடு பங்கேற்பாளர்கள் வேண்டும் என்றால் அப்படியொரு மையத்தைக் கூட்டாளியாக்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெளிநாட்டில், அறிவுத்திறன் குறைபாட்டை உண்டாக்கும் மரபணு நிலைகளுக்கென்றே நிதி தருவது பாரிஸின் ஜெரோம் லெஜூன் அறக்கட்டளை. கருக்கலைப்பு எதிர்ப்பில் அது வெளிப்படையாகவே நிலைப்பாடு எடுத்த அமைப்பு. அங்கே விண்ணப்பிக்கும் முன் உங்கள் நிறுவனத்துக்கு இதில் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பணம் வந்த பிறகு விவாதம் கிளம்பினால் தர்மசங்கடம்.

சிக்கல் என்று சொல்வது உண்மைதான், ஆனால் தீர்க்கக்கூடியது. தனியார் அறக்கட்டளை நடத்தும் கல்லூரி என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது: வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துத் தரவே முடியாது. ‘நாங்கள் வாங்கி மதுரை மருத்துவமனைக்குக் கொஞ்சம் தருவோம்’ என்று வரவுசெலவுத் திட்டம் எழுதினால் அது அங்கேயே உடையும். கூட்டாளிகள் ஒவ்வொருவரும் நிதி தருபவரிடமிருந்து நேரடியாக வாங்கும்படி எழுத வேண்டும். மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்து, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கட்டாயத் தணிக்கைக்கு உட்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு எஃப்.சி.ஆர்.ஏ.விலிருந்து விலக்கு உண்டு.

இதோடு, வெளிநாட்டு நிதி அல்லது கூட்டாண்மை உள்ள மருத்துவ ஆய்வுக்கு சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழுவான எச்.எம்.எஸ்.சி.யின் ஒப்புதலும் வேண்டும். ரத்த மாதிரிகளை வெளியே அனுப்புவதாக இருந்தால் அதையும் அந்த விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். நிறுவன நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைத்த கையோடு இதற்குப் போக வேண்டும். நல்கை உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தால் முதல் ஆண்டின் பாதி காகிதத்திலேயே கழிந்துவிடும்.

என்.ஐ.எச். நிதி பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவர்கள் தரும் மேற்செலவு 8 சதவீதம்தான். மேலும் 2025 மே மாதம், புதிய முறை வரும்வரை வெளிநாட்டுத் துணை நல்கை அடங்கிய விண்ணப்பங்களுக்கு நிதி தருவதில்லை என்று அறிவித்தார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் ‘என் நல்கையில் உங்களையும் சேர்க்கிறேன்’ என்றால், அன்றைய விதி என்ன என்று திட்ட அதிகாரியிடம் அவரையே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: டவுன் சிண்ட்ரோமுக்கு டி.எஸ்.65.டி.என். என்ற சுண்டெலி வகைதான் எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. அதையே எழுதினால் போதாதா?
– ஆய்வு மாணவர், சென்னை

எழுதலாம். ஆனால் அதன் குறைகள் உங்களுக்குத் தெரியும் என்று காட்டாமல் எழுதினால் மதிப்பீட்டாளர் விடமாட்டார்.

மனிதனின் 21-ஆம் குரோமோசோம் மரபணுக்கள் சுண்டெலியில் 16, 17, 10 ஆகிய மூன்று குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. இந்த எலியில் 16-இன் ஒரு பகுதி மட்டுமே கூடுதலாக இருக்கிறது. கூடவே, 17-ஆம் குரோமோசோமின் மையப் பகுதியிலிருந்து நமக்குச் சம்பந்தமே இல்லாத பல மரபணுக்களும் கூடுதலாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் மாற்றம் எதனால் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்த ஒட்டு நீக்கப்பட்ட டி.எஸ்.66.யா., மனித 21-ஆம் குரோமோசோமின் பெரும்பகுதியையே சுமக்கும் டி.சி.மேக்.21 எலி ஆகிய புதிய வகைகள் இதற்காகத்தான் வந்தன. ஒரு முக்கிய முடிவையாவது இரண்டாவது வகை ஒன்றில் திருப்பிச் செய்து பார்ப்பதாக எழுதுங்கள்.

அடுத்தது கண். டி.எஸ்.65.டி.என். எலியின் பழைய வளர்ப்பு வரிசையில் விழித்திரையை அழிக்கும் ஆர்.டி.1 என்ற மரபணு மாற்றம் ஓடுகிறது. சுமார் கால்வாசிக் குட்டிகள் வளர்ந்ததும் பார்வை இழந்துவிடும். நினைவாற்றலைச் சோதிக்க நீர்த்தொட்டியில் சுவர்க் குறிகளைப் பார்த்து நீந்த விடுவோம் அல்லவா? பார்வையில்லாத எலி வட்டமடிப்பதை ‘நினைவு மோசம்’ என்று பதிவு செய்துவிடுவீர்கள். ஆர்.டி.1 இல்லாத வரிசை அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு குட்டியின் வால்நுனியிலும் மரபணுச் சோதனை செய்து விலக்குங்கள்.

பிறகு எண்ணிக்கை. பெரும்பாலான வரவுசெலவுத் திட்டங்கள் இடறி விழுவது இதில்தான். இந்த வகையில் ஆண் எலிகள் பெரும்பாலும் மலடு. கூடுதல் குரோமோசோம் தாய் வழியாகத்தான் வர வேண்டும். பால் மறக்கும் வயதில் கணக்கெடுத்தால் கூடுதல் குரோமோசோம் உள்ளவை பாதி இருக்காது. மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மருந்து பெறும் பிரிவுக்கு 15, போலி மருந்துப் பிரிவுக்கு 15 என 30 ஆண் எலிகள் வேண்டுமானால், குட்டிகளில் ஆறில் ஒன்றுதான் உங்களுக்கு உதவும். ஆக 180 குட்டிகள். பழைய வரிசையில் கண்ணிழப்பவற்றைக் கழித்தால் 240. ஓர் ஈற்றுக்குக் கையில் நிற்பது 5 என்றால் 48 ஈற்று. இந்தக் கணக்கைப் போடாமல் ‘60 எலிகள்’ என்று எழுதி நிதி வாங்கியவர்கள் இரண்டாம் ஆண்டில் கூண்டுக்கும் தீனிக்கும் பணமில்லாமல் விழிப்பார்கள். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் எண்ணிக்கையும் விண்ணப்பத்தில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

எலியில் கிடைத்த வெற்றி மனிதரிடம் கிடைக்கும் என்று எழுதும்போது கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். ரோஷ் நிறுவனம் பாஸ்மிசனில் என்ற மருந்தை டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் சோதித்தது. அதே வழியில் செயல்படும் மருந்துகள் எலியில் நினைவாற்றலை உயர்த்தியிருந்தன. மனிதரிடம் பலன் தெரியவில்லை என்று 2016-இல் நிறுத்தப்பட்டது.

கேள்வி: எங்கள் சிறப்புப் பள்ளிகளில் பேச்சுப் பயிற்சி முறை ஒன்றை 30 குழந்தைகளிடம் சோதிக்க நிதி கேட்டோம். ‘மாதிரி அளவு போதாது’ என்று திருப்பிவிட்டார்கள். எத்தனை இருந்தால் போதும்?
– சிறப்பாசிரியர், மதுரை

எதிர்பார்க்கும் பலனின் அளவைப் பொறுத்தது. மதிப்பெண்களின் திட்டவிலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) பாதி அளவு முன்னேற்றத்தைப் பிடிக்க வேண்டும், வழக்கமான 80 சதவீதத் திறன் (உண்மையான பலனைத் தவறவிடாத வாய்ப்பு), 5 சதவீத முக்கியத்துவ நிலை (இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) என்றால் ஒரு பிரிவுக்கு 64, இரண்டு பிரிவுக்கும் சேர்த்து 128. ஐந்தில் ஒருவர் நடுவில் விலகுவார் என்று வைத்தால் 160 பேரைச் சேர்க்க வேண்டும். பலன் இன்னும் சிறிது, திட்டவிலக்கத்தில் 0.3 பங்குதான் என்றால் ஒரு பிரிவுக்கே சுமார் 175.

உங்கள் திட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குழந்தைகளைத் தனித்தனியாகக் குலுக்கிப் பிரிக்காமல் பள்ளி பள்ளியாகப் பிரித்தால், ஒரே பள்ளிக் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் எண்ணிக்கை மேலும் ஏறும். பள்ளிக்கு 10 பேர், ஒற்றுமைக் கெழு 0.05 என்றால் 1.45 ஆல் பெருக்க வேண்டும். 128 என்பது 186 ஆகும், விலகுபவர்களைச் சேர்க்காமலே.

அதற்காக 30 பேர் ஆய்வு வீண் இல்லை. அதை ‘சாத்திய ஆய்வு’ என்று பெயரிட்டுக் கேளுங்கள். பயிற்சி பலன் தருமா என்பதை அதில் கேட்காமல், அழைத்தவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை வகுப்புக்கு வந்தார்கள், அளவீட்டை முடிக்க முடிந்ததா என்பதைக் கேட்க வேண்டும். 30 பேரை வைத்துக்கொண்டு ‘பலன் நிரூபிக்கப்படும்’ என்று எழுதியதுதான் உங்கள் விண்ணப்பத்தைக் கவிழ்த்திருக்கும்.

அளவீட்டையும் பாருங்கள். பல ஐ.க்யூ. சோதனைகளில் மதிப்பெண் 40-க்குக் கீழே இறங்காது. பாதிக் குழந்தைகள் அந்த அடிமட்டத்திலேயே நின்றால், பயிற்சிக்குப் பிறகு ஏற்பட்ட முன்னேற்றம் காகிதத்தில் தெரியவே தெரியாது. வயதுக்கேற்ற மதிப்பெண்ணை விட்டுவிட்டு, சொன்ன வார்த்தைகளின் எண்ணிக்கை, புரியும்படி பேசிய வாக்கியங்களின் விகிதம் போன்ற நேரடிக் கணக்கை முதன்மை அளவீடாக வையுங்கள். ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. தமிழில் வேற்றுமை உருபும் வினை விகுதியும் வார்த்தையோடு ஒட்டியே வருவதால், ‘வார்த்தை நீளம்’ கணக்கிடும் விதியை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். மதிப்பெண் போடுபவருக்கு எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது.

காது, தூக்கம், தைராய்டு மூன்றையும் தொடக்கத்தில் சோதிக்கப் பணம் ஒதுக்குங்கள். இந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறது. காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவதும் மிகச் சாதாரணம். நடுக்காதில் குழாய் வைத்த மாதத்தில் பேச்சு தெளிவானால், அதைப் பயிற்சியின் பலன் என்று எழுதிவிடும் அபாயம் இருக்கிறது.

கேள்வி: 22 வயது மகனின் சம்மதத்தை யார் தருவது? அவனா, நாங்களா?
– தந்தை, திருநெல்வேலி

ஆய்வை அவரால் எவ்வளவு புரிந்துகொள்ள முடிகிறது என்பதைப் பொறுத்தது. 18 வயதைக் கடந்தவர், ஆய்வைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடிந்தால் அவர் கையொப்பமே போதும். முடியாது என்று மதிப்பிடப்பட்டால் சட்டப்படியான பிரதிநிதி ஒப்புதல் தர வேண்டும். ஆனாலும் மகனிடம் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி இசைவு பெற வேண்டும். அவர் ‘வேண்டாம்’ என்று தலையாட்டினால் அதை மதித்தாக வேண்டும். சிறுவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவு, 12 முதல் 18 வரை எழுத்து இசைவு, இரண்டுக்கும் பெற்றோர் ஒப்புதல் கூடவே. முற்றிலும் புதிய மருந்து மூலக்கூறு என்றால் சம்மதம் பெறும் நிகழ்வை ஒலி-ஒளிப் பதிவு செய்வது 2019 விதிகளின்படி கட்டாயம்.

ஆய்வாளர்களுக்கு: படம் போட்ட, பெரிய எழுத்தில் இரண்டு பக்கத் தாள் ஒன்றை விண்ணப்பத்தோடே இணையுங்கள். ஊசி உண்டா, எத்தனை முறை வர வேண்டும், நடுவில் நிறுத்தலாமா என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும்.

கேள்வி: ‘ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லி ஒரு மையம் சில லட்சம் கேட்கிறது. சேரலாமா?
– ஒரு தாய், சேலம்

வேண்டாம். ஆய்வில் சேர நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்றாலே அது ஆய்வு இல்லை; நிதி நல்கை என்பதே அந்தச் செலவை ஏற்கத்தான். 2017 தேசிய ஸ்டெம் செல் நெறிமுறைப்படி ரத்த நோய்கள் முதலான சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் தவிர மற்றவை அனுமதி பெற்ற மருந்துச் சோதனைக்குள் மட்டுமே நடக்கலாம். மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2018 ஏப்ரல் முதல், முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே அதில் பதிவு செய்திருக்க வேண்டும். எண் கொடுத்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து, நெறிமுறைக் குழு ஒப்புதல், நிதி தருபவர் யார் என்ற இரண்டு வரிகளையும் படியுங்கள்.

2025-இல் ஜப்பானின் மியே பல்கலைக்கழகக் குழு, கூடுதல் குரோமோசோமை கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் நீக்கிய செய்தி பலருக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது. குழந்தைக்குச் செய்யும் சிகிச்சை அல்ல.

கேள்வி: வரவுசெலவுத் திட்டத்தில் அடிக்கடி விட்டுப்போகும் செலவுகள் எவை?
– மருத்துவர், வேலூர்

குடும்பத்தின் பயணம். குழந்தையோடு ஒருவர் மட்டும் வருவதில்லை. இரண்டு பெரியவர்களுக்கு டிக்கெட், ஒருநாள் கூலி இழப்பு, சாப்பாடு. காய்ச்சல், சளி என்று தள்ளிப்போகும் வருகைகளுக்குக் கூடுதல் தேதிகள். புள்ளியியலாளரின் நேரம் – கடைசியில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அவர் முதல் மாதத்திலேயே வேண்டும்.

குரோமோசோம் பரிசோதனைக்கும் தனித் தொகை வையுங்கள். சுமார் 95 சதவீதத்தினருக்கு முழுக் கூடுதல் குரோமோசோம்; மற்றவர்களுக்கு இடமாற்றமோ (கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமில் ஒட்டியிருப்பது) கலப்பு வகையோ (சில செல்களில் மட்டும் கூடுதல் குரோமோசோம் இருப்பது). கலப்பு வகையை விலக்க வேண்டிய ஆய்வு என்றால் வழக்கமான 20 செல் போதாது. 29 செல்களை எண்ணி எல்லாமே ஒரே மாதிரி இருந்தால்தான் 10 சதவீதக் கலப்பு இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். தோல் அல்லது ரத்தத்திலிருந்து மூலச்செல் வரிசை உருவாக்குபவர்கள், அந்தச் செல்கள் வளர்ப்பின்போது கூடுதல் குரோமோசோமைத் தானாகவே தொலைத்துவிடக்கூடும் என்பதால், சுமார் பத்துத் தலைமுறைக்கு ஒருமுறை மறுபரிசோதனை என்று எழுத வேண்டும். தொலைத்த செல்லைத் தூக்கி எறியாதீர்கள். அதே ஆளின் மற்ற மரபணுக்கள் எல்லாம் அப்படியே இருக்க, 21 மட்டும் இரண்டாக உள்ள ஒப்பீட்டுச் செல் அது. காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது.

கேள்வி: நல்கை எதுவும் கிடைக்கவில்லை. கணினி மட்டும் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?
– முதுகலை மாணவர், தஞ்சாவூர்

தாராளமாக. இன்க்ளூட் திட்டத்தின் தரவு மையம் 2022-லிருந்து திறந்திருக்கிறது. மேலோட்டத் தகவலைப் பதிவு செய்து பார்க்கலாம். தனிநபர் மரபணுத் தரவுக்கு உங்கள் நிறுவனம் கையொப்பமிட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஜி.இ.ஓ. என்ற பொதுக் களஞ்சியத்தில் டவுன் சிண்ட்ரோம் செல்களின் ஆர்.என்.ஏ. தரவுத் தொகுதிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரே ஒரு எச்சரிக்கை. மரபணு வெளிப்பாட்டு மென்பொருள்களில் ‘இரண்டு மடங்குக்கு மேல் மாறியவை மட்டும்’ என்று வடிகட்டுவது பலருக்குக் கைப்பழக்கம். மூன்று பிரதி இருந்தால் வெளிப்பாடு எதிர்பார்ப்பில் ஒன்றரை மடங்குதான். 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை அளவில் 0.58; இரண்டு மடங்கு என்பது அதில் 1. வடிகட்டியை 1-இல் வைத்தால் 21-ஆம் குரோமோசோம் மரபணுக்களில் பெரும்பாலானவை பட்டியலிலிருந்தே காணாமல் போய், டவுன் சிண்ட்ரோம் ஆய்வில் 21-ஆம் குரோமோசோமே இல்லை என்ற விநோத முடிவு வரும். முதலில் 21-ஆம் குரோமோசோம் மரபணுக்களை மட்டும் தனியே எடுத்து வரைபடம் போடுங்கள். சராசரி 0.58-ஐச் சுற்றி நின்றால் மாதிரிகளின் பெயர் மாறவில்லை, தரவு சரி என்று பொருள். பூஜ்யத்தைச் சுற்றி நின்றால், எந்த மாதிரி யாருடையது என்ற அட்டவணையைத் திரும்பப் பார்த்த பிறகே மேலே போங்கள்.